இரு சக்கரத்தின் ஆபத்தை எதால் வகுப்பது?

காரைவிட பைக் ஆபத்தானது என்பதை யாரும் நிரூபிக்கத் தேவையில்லை என்றுதான் தோன்றும். ஆனால் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கையை எடுத்துவைத்து அதை நிரூபிக்க உட்கார்ந்தால், முதல் கணக்கே தலைகீழாக வந்து நிற்கும். 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். இவர்களில் 74,897 பேர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள், அதாவது 44.5 சதவீதம். கார், டாக்சி, வேன் முதலிய இலகு ரக வாகனங்களில் சென்று இறந்தவர்கள் சுமார் 21,000 பேர், அதாவது 12.5 சதவீதம்.

வாகனங்களின் எண்ணிக்கையைப் பக்கத்தில் வைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. நாட்டில் பதிவான வாகனங்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று இரு சக்கர வாகனம். கார்கள் எட்டில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். முக்கால் பங்கு வாகனங்களில் பாதிக்கும் குறைவான சாவுகள்; எட்டில் ஒரு பங்கு வாகனங்களில் எட்டில் ஒரு பங்கு சாவுகள். வண்டிக்கு இத்தனை சாவு என்று வகுத்தால் பைக்கைவிடக் கார்தான் ஆபத்தானது என்று விடை வருகிறது.

அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் தரும் விடை வேறு. 2023ஆம் ஆண்டுக் கணக்குப்படி, ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் காரில் செல்பவரைவிட மோட்டார் சைக்கிளில் செல்பவர் இறப்பது ஏறக்குறைய 28 மடங்கு அதிகம். அங்கே மொத்த வாகன ஓட்டத்தில் மோட்டார் சைக்கிளின் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை. சாலைச் சாவுகளில் அதன் பங்கு 15 சதவீதம்.

இரண்டு அரசுகளும் பொய் சொல்லவில்லை. ஒரு கணக்கு வண்டியால் வகுக்கிறது, மற்றொன்று தூரத்தால் வகுக்கிறது. இரு சக்கர வாகனங்களின் ஆபத்தைப் பற்றி நம் ஊரில் நடக்கும் பேச்சில் பெரும்பகுதி இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமலேயே நடக்கிறது என்பது என் எண்ணம்.

வண்டியால் வகுப்பதில் என்ன கோளாறு? நம் ஆர்டிஓ பதிவேட்டில் ஏறிய டூவீலர் லேசில் இறங்குவதில்லை. வாங்கும்போதே ஆயுள் வரி கட்டியாகிவிடுகிறது. பிறகு அது பழைய இரும்புக் கடைக்குப் போனாலும், ஊரில் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்தாலும், பதிவை ரத்து செய்ய யாரும் மனுப் போடுவதில்லை. பெட்ரோல் பங்குகளில் நின்று, வந்து போகும் வண்டிகளைக் கணக்கெடுத்த டெல்லி ஐஐடி ஆய்வாளர்கள், உண்மையில் ஓடும் வண்டிகள் பதிவேட்டில் உள்ளவற்றைவிட மிகக் குறைவு என்று காட்டினார்கள். அடுத்தது தூரம். ஒரு கால் டாக்சி ஒரு நாளில் ஓடும் தூரத்தை, கடைத்தெருவுக்கும் ரயில் நிலையத்துக்கும் மட்டும் போய்வரும் ஸ்கூட்டர் ஒரு மாதத்தில் தொட்டால் பெரிது. மூன்றாவது, ஆட்கள். காரில் நான்கைந்து பேர் இருக்கும்போது ஒரே மோதலில் நான்கைந்து சாவு நேரலாம். அத்தனையும் ஒரே வண்டியின் கணக்கில் ஏறும்.

ஆகவே ஓடிய தூரத்தால் வகுப்பதுதான் நியாயமான ஒப்பீடு. அமைச்சகத்தின் ஆண்டறிக்கை லட்சம் மக்களுக்கு இத்தனை, பத்தாயிரம் வாகனங்களுக்கு இத்தனை என்று விகிதங்கள் தருகிறது. ஒவ்வொரு வகை வாகனமும் எத்தனை கோடி கிலோமீட்டர் ஓடியது, அதில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கை அது தருவதில்லை. உலகிலேயே அதிகமாக இரு சக்கர வாகனங்கள் ஓடும் நாடுகளில் ஒன்றில் இந்த ஒரு எண் அச்சில் இல்லை.

அதற்காக அமெரிக்காவின் 28 மடங்கைத் தூக்கிக்கொண்டு வந்து இங்கே ஒட்டவும் முடியாது. அங்கே மோட்டார் சைக்கிள் பலருக்கு வாரக்கடைசிப் பொழுதுபோக்கு. பெரிய இன்ஜின், நீண்ட நெடுஞ்சாலை, நல்ல வேகம். 2023இல் அங்கே இறந்த ஓட்டிகளில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சட்ட வரம்பைத் தாண்டி மது அருந்தியிருந்தவர்கள்; உயிர்ச்சேத விபத்துகளில் சிக்கிய ஓட்டிகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் மோட்டார் சைக்கிள் ஓட்டச் செல்லுபடியாகும் உரிமம் இல்லாதவர்கள். நம் ஊரில் காலை எட்டரை மணிக்குத் தாம்பரம் மேம்பாலத்தின் மேல் 110 சிசி வண்டியில் மகளை முன்னால் நிறுத்தி, மனைவியைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டிப்போகிறவரின் ஆபத்து வேறு வகை. வேகம் குறைவு. ஆனால் பக்கத்தில் உரசிக்கொண்டு வருவது மாநகரப் பேருந்தும் தண்ணீர் லாரியும்.

காயங்களின் கணக்கோ இன்னும் குழப்பம். அதே அமெரிக்க அறிக்கையில் மைலுக்கு மைல் மோட்டார் சைக்கிளில் காயமடைவது காரைவிடச் சுமார் ஐந்து மடங்குதான் அதிகம். சாவில் 28, காயத்தில் 5. விபத்து நேர்வதில் உள்ள வேறுபாட்டைவிட, நேர்ந்த பிறகு உடலுக்கு என்ன ஆகிறது என்பதில் உள்ள வேறுபாடுதான் பெரிது என்பதை இந்த இடைவெளி சொல்கிறது. இதே ஒப்பீட்டை இந்திய எண்களை வைத்துச் செய்ய வழியில்லை. 2022இல் 1,68,491 சாவுகளுக்குப் பதிவான காயங்கள் 4,43,366. ஒரு சாவுக்கு மூன்று காயம்கூட இல்லை. அமெரிக்காவில் 2023இல் ஒரு சாவுக்குச் சுமார் 60 பேர் காயமடைந்ததாகக் கணக்கு. இந்தியர்கள் அடிபட்டால் செத்தே போகிறார்கள் என்று இதற்குப் பொருளல்ல. நம் காயங்கள் காவல் நிலையத்தை எட்டுவதில்லை. வண்டி சறுக்கி முழங்கையும் முட்டியும் உரிந்தவர், தெருமுனை கிளினிக்கில் டிடி ஊசி போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து ராடு வைத்துக்கொண்டவர்கூட, எதிராளியுடன் சமாதானம் பேசி முடித்துவிட்டால் எஃப்ஐஆர் கிடையாது. உயிர் பிழைத்த பைக் ஓட்டிகளிடம் மிக அதிகமாகக் காணப்படுவது இந்தக் கால் காயங்கள்தான். மூன்று மாதமும் ஆறு மாதமும் சம்பளம் இல்லாமல் வீட்டில் கிடக்கும் டெலிவரி ஊழியர் எந்தப் புள்ளிவிவரத்திலும் இல்லை.

உடலுக்கு என்ன ஆகிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் உடல் சட்டென்று நிறுத்தப்பட்டால், அது ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். காரில் இருப்பவருக்கும் பைக்கில் இருப்பவருக்கும் இந்த எண் ஒன்றுதான். வேறுபடுவது, நிற்பதற்குக் கிடைக்கும் தூரம். மெர்சிடிஸ் நிறுவனத்தின் பொறியாளர் பேலா பாரெனி 1952இல் காப்புரிமை பெற்ற வடிவமைப்பின்படி, காரின் முன்பக்கம் வேண்டுமென்றே நொறுங்குமாறு செய்யப்படுகிறது. அது நொறுங்கும் அரை மீட்டரில் உள்ளே இருப்பவரின் வேகம் படிப்படியாகக் குறைகிறது. 1959இல் வோல்வோவில் நீல்ஸ் போலின் உருவாக்கிய மூன்று புள்ளி சீட் பெல்ட், அவரை இருக்கையோடு பிடித்துவைத்து அந்த அரை மீட்டரின் பலன் அவருக்குக் கிடைக்கச் செய்கிறது. பைக் ஓட்டியிடம் நொறுங்குவதற்கு எதுவும் இல்லை. வண்டி நின்றுவிடும், அவர் நிற்கமாட்டார். எதிரே உள்ள காரின் கூரை விளிம்போ, சென்டர் மீடியனின் கான்கிரீட்டோதான் அவரை நிறுத்தும்.

மோதலே இல்லாமலும் பைக் விழும். கார் கவனிக்காமல் ஏறிக் கடக்கும் ஜல்லிக்கற்கள், மழையில் நனைந்த ஜீப்ரா கோட்டின் பெயிண்ட், பாலத்தின் இரும்பு இணைப்பு, லாரியிலிருந்து சிந்திய டீசல் ஆகிய ஒவ்வொன்றும் இரு சக்கரத்துக்குச் சறுக்குமரம். பயந்து முன் பிரேக்கை இறுக்கினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பூட்டிய முன்சக்கரத்தால் வண்டியைத் திருப்ப முடியாது. இதைத் தடுக்கும் ஏபிஎஸ் பொருத்திய மோட்டார் சைக்கிள்களில் உயிர்ச்சேத விபத்து விகிதம் 22 சதவீதம் குறைவு என்பது அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனத்தின் கண்டுபிடிப்பு. இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புதிய வண்டிகளுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது. அதற்குக் கீழே உள்ளவற்றுக்கு, அதாவது நம் தெருக்களில் மிக அதிகமாக ஓடுபவற்றுக்கு, முன் பின் பிரேக்குகளை இணைக்கும் ஏற்பாடே போதும் என்று அப்போது விடப்பட்டது. விலை ஏறிவிடும் என்பது காரணம்.

'பைக்காரன்கள் கண்மூடித்தனமாக ஓட்டுகிறார்கள், சாகிறார்கள்' என்பது கார் வைத்திருப்பவர்களின் அன்றாட வசனம். எதிர்த்திசையில் வருவது, மூன்று பேர் ஏறிப்போவது, சிக்னலில் புகுந்து போவது எல்லாம் உண்மைதான், மறுக்க முடியாது. ஆனால் இந்த விஷயத்தில் உலகின் புகழ்பெற்ற கள ஆய்வு வேறொரு பக்கத்தையும் காட்டியது. தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் குழு லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் 900க்கும் மேற்பட்ட மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரடியாக ஆராய்ந்து 1981இல் அறிக்கை வெளியிட்டது. நான்கில் மூன்று விபத்துகள் மற்றொரு வாகனத்துடன் நேர்ந்த மோதல்கள். அந்த வாகனம் பெரும்பாலும் கார். அவற்றில் மூன்றில் இரண்டில் தவறு எதிர் வாகன ஓட்டியுடையது. பைக்குக்கு விடவேண்டிய வழியை விடாமல் அவர் குறுக்கே திரும்பியிருந்தார். திரும்பியவர்களில் பலர் சொன்னது ஒன்றுதான்: பைக் வருவதையே நான் பார்க்கவில்லை. ஆபத்தை உணர்ந்து தப்பிக்க ஓட்டிக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு நொடிக்கும் குறைவு.

அங்கே இடப்பக்கம் திரும்புவது நமக்கு வலப்பக்கம் திரும்புவது. சென்னையின் ஜிஎஸ்டி சாலையில் மீடியன் இடைவெளியில் யூ டர்ன் எடுக்கும் காருக்கு எதிரே 60 கிலோமீட்டர் வேகத்தில் பைக் வந்தால் இரண்டு நொடியில் அது 33 மீட்டர் கடந்துவிடும். மூளை புரிந்துகொள்ளவும் கை பிரேக்கைத் தொடவும் ஒரு நொடி போய்விட்டால், மீதிப் பதினாறு மீட்டரில் அந்த வேகத்தில் வரும் வண்டி நிற்பது மிகக் கடினம். 2017 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் விற்கும் புதிய டூவீலர்களில் முகப்பு விளக்கு பகலிலும் அணையாமல் எரிவது இதற்காகத்தான். அது புரியாமல் 'லைட் எரியுது பாருங்க' என்று சைகை காட்டும் நல்ல மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஹெல்மெட்டின் கதை ஒரு பிரபலத்தின் சாவிலிருந்து தொடங்குகிறது. அரேபியப் போர்க்களங்களால் பெயர்பெற்ற டி. இ. லாரன்ஸ், 1935 மே மாதம் இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் சைக்கிளில் சென்ற இரண்டு சிறுவர்கள் மேல் மோதாமல் இருக்கத் திருப்பி, தன் பிரஃப் சுப்பீரியர் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கியெறியப்பட்டார். ஆறு நாள் நினைவு திரும்பாமலே இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற நரம்பியல் அறுவை நிபுணர். கெய்ர்ன்ஸ் அதன் பிறகு மோட்டார் சைக்கிள் தலைக்காயங்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார். 1941இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த அவரது கட்டுரை, போர்க்காலத்தில் செய்தி சுமந்து சென்ற ராணுவ வீரர்கள் எதிரியின் குண்டால் அல்லாமல் இருட்டுச் சாலையில் தலை உடைந்து சாவதைக் காட்டியது. அதே ஆண்டு பிரிட்டிஷ் ராணுவம் அவர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அந்தச் சட்டம் வர 1973 ஆனது.

இன்று சான்றுக்குப் பஞ்சமில்லை. உலகெங்கும் நடந்த 61 ஆய்வுகளைத் திரட்டி 2008இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வின்படி ஹெல்மெட் இறப்பு அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது. வெளி ஓட்டைவிட முக்கியம், உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற அடர்த்தியான நுரைப்பகுதி. மண்டை நிற்பதற்கு அது இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூரம் தருகிறது. கேட்கச் சிறிதாக இருக்கும். இல்லாதபோது கிடைப்பது மில்லிமீட்டர்கள். ஒருமுறை நசுங்கிய நுரை மீள்வதில்லை என்பதால், ஒரு விபத்தைப் பார்த்த ஹெல்மெட் அதோடு சரி. மெதுவாகத்தானே போகிறேன் என்பவருக்கு ஒரு கணக்கு: நின்றுகொண்டிருக்கும் வண்டியிலிருந்து சாய்ந்து விழுந்தாலே, ஒன்றரை மீட்டர் உயரத்திலுள்ள தலை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும்.

தமிழ்நாட்டில் இது சட்டத்துக்கும் மனிதர்களுக்கும் நடக்கும் நெடுநாள் இழுபறி. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவிலேயே ஹெல்மெட் இருக்கிறது. 2007இல் ஒருமுறை கட்டாயம் என்றார்கள், நாளடைவில் தளர்ந்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2015 ஜூலை 1 முதல் மறுபடியும் இறுகியது. இப்போதும் நெடுஞ்சாலையில் பாருங்கள்: ஹெல்மெட் இருக்கிறது, பெட்ரோல் டேங்கின் மேல். அல்லது முழங்கையில் மாட்டியிருக்கிறது. போலீஸைக் கண்டதும் தலைக்கு ஏறுகிறது, ஸ்ட்ராப் மட்டும் காற்றில் ஆடுகிறது. பக்கிள் போடாத ஹெல்மெட் முதல் அடியிலேயே கழன்று ஓடிவிடும். வியட்நாமின் தெருக்களும் நம் தெருக்களைப் போல இரு சக்கர வெள்ளம்தான். அங்கே 2007 டிசம்பர் 15இல் சட்டம் அமலுக்கு வந்தபோது, அபராதமும் கண்காணிப்பும் ஒரே நாளில் நாடு முழுவதும் தொடங்கின. ஹெல்மெட் அணிபவர்கள் 90 சதவீதத்தைத் தாண்டினார்கள். அடுத்த மூன்று மாதங்களில் மருத்துவமனைகளில் தலைக்காய அபாயம் 16 சதவீதமும் இறப்பு அபாயம் 18 சதவீதமும் குறைந்ததாக ஆய்வு சொன்னது.

கார் வாங்கிவிட்டால் தப்பித்தோமா? ஸ்கூட்டரில் ஒரு குடும்பமே நனைந்துகொண்டு போவதைப் பார்த்ததுதான் நானோ காருக்குத் தூண்டுதல் என்று ரத்தன் டாடா பலமுறை சொல்லியிருக்கிறார். 2008இல் ஒரு லட்ச ரூபாய் கார் என்று அறிமுகமான அந்த நானோ, 2014இல் குளோபல் என்கேப் அமைப்பு 64 கிலோமீட்டர் வேகத்தில் நடத்திய மோதல் சோதனையில் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. நானோ மட்டுமல்ல, அன்று சோதித்த ஐந்து இந்தியக் கார்களின் அடிப்படை மாடல்களும் பூஜ்ஜியம்தான். பிறகு ஏர்பேக் கட்டாயமானது, 2023இல் இந்தியாவின் சொந்த மோதல் சோதனைத் திட்டமான பாரத் என்கேப் வந்தது, ஐந்து நட்சத்திரக் கார்கள் விளம்பரத்துக்கு வந்தன. ஆனால் நட்சத்திரம் எத்தனை இருந்தாலும் பெல்ட் போடாதவருக்கு அது உதவாது. தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பரில் மும்பை அருகே பால்கரில் இறந்தபோது பயணித்தது விலையுயர்ந்த ஜெர்மன் கார். முன்னிருக்கையில் இருந்த இருவர் பிழைத்தார்கள். பின்னிருக்கையில் பெல்ட் இல்லாமல் இருந்த இருவரும் இறந்தார்கள். அந்த ஆண்டு பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர்.

காரின் பாதுகாப்பு உள்ளே இருப்பவருக்கு மட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். டெல்லி ஐஐடியில் தினேஷ் மோகன், கீதம் திவாரி ஆகியோரின் குழு ஆறு இந்திய நகரங்களை ஆராய்ந்தபோது, ஒரு வாகனத்தில் சென்று இறந்தவர்களை மட்டுமின்றி அந்த வாகனம் மோதி இறந்த மற்றவர்களையும் அதன் கணக்கில் சேர்த்துப் பார்த்தது. அப்படிப் பார்த்தால் காருக்கும் பைக்குக்கும் உள்ள இடைவெளி சுருங்குகிறது. 2022இல் நாட்டில் இறந்தவர்களில் ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர். பைக்கை விட்டுக் காருக்கு மாறுகிறவர் தன் ஆபத்தைக் குறைத்துக்கொள்கிறார். அந்த ஆபத்தில் ஒரு பகுதி சாலையில் மிஞ்சியிருப்பவர்களிடம் போய்ச் சேர்கிறது.

மேலும், கார் வாங்க முடிந்தவர்கள் எத்தனை பேர்? இந்தியாவில் டூவீலர் பெரும்பாலானவர்களுக்குப் பிழைப்புச் சாதனம். அப்படியிருக்க அவர்களுக்காக ஏன் சாலை போடக்கூடாது? மலேசியா போட்டது. கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்று தனிப் பாதை 1970களிலேயே தொடங்கியது. பின்னர் அது நீட்டிக்கப்பட்டபோது, அந்த நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் விபத்துகள் 39 சதவீதம் குறைந்ததாக அந்நாட்டு ஆய்வாளர்கள் கண்டார்கள். நம்மிடம் ஆறு வழிச்சாலை வந்தாலும் டூவீலருக்கு எஞ்சுவது மணல் படிந்த இடது ஓரம். அதிலும் பாதியை நின்றுகொண்டிருக்கும் லாரிகள் எடுத்துக்கொள்கின்றன.

சாலை வரும்வரை கையில் இருக்கும் கணக்கு ஒன்று. 2022இல் ஹெல்மெட் அணியாமல் இறந்த 50,029 பேர் எல்லோரும் நல்ல ஹெல்மெட் அணிந்திருந்தால், காக்ரேன் மதிப்பாய்வின் 42 சதவீதப்படி ஏறத்தாழ 21,000 பேர் பிழைத்திருப்பார்கள். அந்த ஆண்டு கார், டாக்சி, வேன்களில் சென்று இறந்த மொத்தப் பேரின் எண்ணிக்கையும் அதுவே. அந்த 50,029 பேரில் 14,337 பேர் வண்டியை ஓட்டியவர்கள் அல்லர், பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். புது வண்டியோடு ஹெல்மெட் தரவேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. அதை ஓட்டுபவர் போட்டுக்கொள்கிறார். உங்கள் வீட்டில் இரண்டாவது ஹெல்மெட் இல்லையென்றால், ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து இந்த வாரமே ஒன்று வாங்குங்கள். பின்னால் உட்காருபவர் பக்கிளைப் போட்ட பிறகு வண்டியை எடுங்கள்.